உபகாரச் சம்பளமில்லாத உழவரும் வயோதிக கால ஏற்பாடும்

சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு வேலையினின்றும் விலகும் நாள் ஒன்று உண்டு. தமிழ் நாட்டில் அது நெடுங்காலம் 58 வயதாயிருந்து, 2020-ஆம் ஆண்டில் 59 ஆகவும், 2021-ஆம் ஆண்டில் 60 ஆகவும் நீட்டப்பட்டது. உழவருக்கு அத்தகைய நாளை விதிப்பார் ஒருவருமில்லை. முழங்கால் வலி கண்டு வரப்பின்மேல் நடக்க இயலாமற் போவதும், இராக்காலத்தில் மோட்டார் போட எழுந்து செல்லக் கண் தெரியாமற் போவதுமே அவருக்கு வரும் உத்தரவு. அவ்வுத்தரவு முன்னறிவிப்பின்றி வருகிறது. அதற்குப்பின் மாதந்தோறும் கைக்கு எது வரும் என்ற கேள்வியை ஐம்பத்தைந்து வயதிலும் யோசியாத மிராசுதாரர்கள் நம் ஜில்லாக்களில் ஏராளம். நிலம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், சர்க்கார் ஏதோ கொடுக்கிறது என்ற மூன்று எண்ணங்களே அவர்கள் யோசியாமலிருப்பதற்குக் காரணம். இம்மூன்றும் முழுப்பொய்யல்ல. ஆயினும் ஒவ்வொன்றும் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அளந்து பாராமல் அதன்மேல் சாய்வது விவேகமாகாது.

சர்க்கார் கொடுப்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். இதில் நம் கிராம அதிகாரிகளின் சரித்திரமே நல்ல பாடம். கர்ணம், மணியக்காரர் முதலிய பதவிகள் தலைமுறை தலைமுறையாய் ஒரே குடும்பத்தில் தங்கி வந்தன. 1895-ஆம் ஆண்டின் பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டம் அவ்வுரிமைக்கு எழுத்துமூலமான ஆதாரமாயிருந்தது. தகப்பனார் தளர்ந்தால் மகன் கணக்கை ஏற்பான். மகன் தலையெடுக்கும்வரை பதிலாள் பார்ப்பான். குடும்பத்தின் ஜீவனம் அறுபடாது. அதாவது பதவியே அக்குடும்பங்களுக்கு வயோதிக கால நிதியாயிருந்தது. 1960-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டார் இத்தகைய பரம்பரைப் பாத்தியதை அரசியல் சட்டத்திற்கு ஒவ்வாதென்று தீர்ப்பளித்தனர். அதன்பின் 1980 நவம்பர் 14-ஆம் தேதி வெளிவந்த ஓர் அவசரச் சட்டத்தினால், பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவை ஒரே நாளில் ஒழிக்கப்பட்டன. வழக்கு டில்லி வரை சென்றது. 1982-இல் சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டத்தைச் செல்லுமென்றே நிலைநிறுத்தியது. நிர்வாகத்திற்கு அம்மாறுதல் அவசியமாயிருந்ததென்பதே நம் எண்ணம். பரீட்சை எழுதித் தேறியவர் கணக்கைப் பார்ப்பதே முறை. ஆனால் நாற்பது, ஐம்பது வயதில் வேறு தொழில் அறியாமல் வீட்டிலிருக்க நேர்ந்தவர்களின் கஷ்டமும் மெய்யே. அவர்களில் சொந்த நிலத்தைச் சீராய் வைத்திருந்தோர் பிழைத்தனர். பதவி என்றும் நிற்குமென்று நம்பி நிலத்தை ஒத்தி வைத்திருந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப்பின் பரீட்சை மூலம் வந்த கிராம நிர்வாக அதிகாரிகளுக்கு உபகாரச் சம்பளம் உண்டென்ற தைரியம் இருந்தது. அந்தச் சொல்லைச் சற்றுக் கவனிக்க வேண்டும். உபகாரம் என்றால் கொடுப்பவன் மனமிரங்கிக் கொடுப்பது. 1982 டிசம்பர் 17-ஆம் தேதி நகாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார், உத்தியோகஸ்தர் பெறும் ஓய்வுச் சம்பளம் சர்க்காரின் தயவன்று, உழைத்ததற்குரிய உரிமை என்று கூறி அந்தச் சொல்லின் பொருளையே மாற்றிவிட்டனர். அப்படியிருந்தும், 2003 ஏப்ரல் 1 முதல் நம் மாகாணத்தில் புதிதாய் வேலைக்கு வந்தோரைப் பழைய திட்டத்தில் சேர்க்காமல், சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து நிதி சேர்க்கும் பங்களிப்புத் திட்டத்தில் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் மத்திய சர்க்காரும் அவ்வழியே சென்றது. பிறகு 2025 ஏப்ரல் முதல், இருபத்தைந்து ஆண்டு உழைத்தவர்க்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதியை உறுதி செய்யும் வேறொரு திட்டத்தையும் கொண்டுவந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் இத்தனை புரட்டல்கள். மகஜர் கொடுக்கவும் வேலைநிறுத்தம் செய்யவும் சங்கங்களுள்ள உத்தியோகஸ்தரின் நிலையே இப்படியானால், சங்கமற்ற உழவருக்கு அறிவிக்கப்படும் உதவிகளின் நிலைமை எவ்வளவு உறுதியென்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

உதவித் தொகைகள் மூன்று விதம். ஒன்று, நாம் பணம் கட்டி, எழுத்துமூலம் ஒப்பந்தம் பெற்று, அதன்படி திரும்பப் பெறுவது. இரண்டாவது, சட்டசபையில் சட்டமாக நிறைவேறி, மறுத்தால் கோர்ட்டில் கேட்கக்கூடியது. மூன்றாவது, இலாகா உத்தரவினால் வழங்கப்பட்டு, இன்னோர் உத்தரவினால் திருத்தவோ நிறுத்தவோ கூடியது. நம் கிராமங்களில் இம்மூன்றையும் ஒன்றாகவே 'சர்க்கார் பணம்' என்கிறோம். வித்தியாசத்தை விளக்க ஓர் உதாரணம் போதும். முதியோருக்கென்று 2017-இல் மத்திய சர்க்கார் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் மூலம் 'வய வந்தனா' என்ற திட்டத்தைத் தொடங்கி, பத்தாண்டுகளுக்கு நிச்சயமான வருமானம் தருவதாகச் சொல்லிற்று. முதலில் வட்டி நூற்றுக்கு 8. 2020-க்குப்பின் சேர்ந்தவர்க்கு 7.4. 2023 மார்ச் 31-உடன் புதிதாய்ச் சேர்வது நின்றுபோயிற்று. ஆனால் அதற்குமுன் பணம் கட்டியவர்களுக்கு வாக்களித்த தொகை தவறவில்லை. அது முதல் வகையைச் சேர்ந்தது. அறுபது வயதானதும் சேரலாமென்று எண்ணிக் காத்திருந்தவர்க்கோ கதவு மூடிவிட்டது. கையிலுள்ள பத்திரம் வேறு, திறந்திருக்கும் கதவு வேறு.

உழவர் அதிகமாய் நம்புவது மூன்றாம் வகையைத்தான். 2019-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பிரதம மந்திரி கிஸான் நிதியின்படி ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாய் வருகிறது. விதைக்கும் உரத்துக்கும் நல்ல துணையே, மறுப்பதற்கில்லை. ஆனால் மாதக் கணக்கில் அது 500 ரூபாய். தொடங்கியபோது வகுத்த அளவு அதன்பின் வந்த முதல் ஆறாண்டுகளில் ஒரு தடவையும் உயரவில்லை. அந்த ஆறாண்டுகளில் நடவுக் கூலி எவ்வளவு உயர்ந்ததென்பதை உழவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மேலும், வருமான வரி கட்டியவரும், மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாமல் ஓய்வுச் சம்பளம் பெறும் உத்தியோகஸ்தரும் அதற்குத் தகுதியுடையவரல்லர் என்பது விதி. நிலம் தம் பேரில் இல்லாதவர்க்கும் இல்லை. இந்தக் கடைசி விதியை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின்னே அதற்குத் திரும்புவோம்.

முதியோர் உதவித் தொகையின் கதையும் இதுவே. நம் மாகாணத்தில் 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கிற்று. 1995-இல் மத்திய சர்க்கார் 75 ரூபாயில் ஒரு பங்கைத் தர முன்வந்தது. பிறகு அது 200 ஆக்கப்பட்டு, எண்பது வயதுக்குட்பட்டவர் விஷயத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த இடத்திலேயே நின்றது. மீதியை மாகாண சர்க்கார் சேர்த்து 2011-இல் 1,000 ஆகவும், 2023-இல் 1,200 ஆகவும் ஆக்கினார்கள். 1,200 என்பது நாளொன்றுக்கு 40 ரூபாய். அதுவும் ஆதரவற்றோர்க்கென்றே வகுக்கப்பட்டது. நிலமும் பிள்ளையும் உடையவர் பெரும்பாலோர் அதில் இடம்பெறார். ஆகவே ஐந்து ஏக்கர் மிராசுதாரர், 'எல்லாருக்கும் கிடைக்கிறதே, எனக்கும் கிடைக்கும்' என்று கணக்கிடுவது காற்றில் எழுதிய கணக்கு.

நாற்பது வயதுக்குட்பட்ட சிறு விவசாயிகளுக்கு 2019 முதல் ஒரு தனி ஓய்வூதியத் திட்டமும் இருந்துவருகிறது. ஐந்து ஏக்கர், அதாவது இரண்டு ஹெக்டேருக்கு மேற்படாத நிலமுடையவர், சேரும் வயதுக்குத் தக்கபடி மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டினால், அதே அளவை மத்திய சர்க்காரும் கட்டும். அறுபது வயது முதல் மாதம் 3,000 ரூபாய். அவர் இறந்தால் மனைவிக்கு அதில் பாதி. நாம் கட்டுவதற்குச் சமமாய்ச் சர்க்காரும் கட்டுவதால் இதில் சேர்வதே புத்தி. ஆனால் 3,000 என்ற எண்ணைக் கண்டு மயங்கக்கூடாது. பண்டங்களின் விலை ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வீதம் ஏறுவதாகக் கொள்வோம். பன்னிரண்டு ஆண்டில் விலை இரட்டிக்கும். இன்று நாற்பது வயதுள்ளவர் இருபது ஆண்டு கழித்துப் பெறும் 3,000 ரூபாய்க்கு, இன்றைய கணக்கில் சுமார் 935 ரூபாயின் சரக்கே கிடைக்கும். பதினெட்டு வயதில் சேரும் பையன் நாற்பத்திரண்டு ஆண்டு கட்டிப் பெறும் 3,000 ரூபாய், இன்றைய 260 ரூபாய்க்குச் சமானம். வெற்றிலை பாக்குக்கும் ஒரு மாதம் போதுமோ என்னவோ! விலைவாசியோடு சேர்ந்து உயராத எந்த உதவியும் காலக்கிரமத்தில் பெயரளவில்தான் நிற்கும். இத்திட்டங்களை வகுப்போர், தொகையை விலைப் புள்ளியுடன் கட்டிவிட்டாலன்றி அவை முதுமைக்கு ஆதாரமென்று சொல்லத் தகா என்பது நம் அபிப்பிராயம். இதை விவசாய சங்கங்கள் மகஜர்களில் கேட்க வேண்டும். தொகையை ஒரு தடவை உயர்த்தும்படி கேட்பதைவிட இதுவே மேல்.

இனி நிலத்திற்கு வருவோம். இக்கட்டுரையை எழுத நேர்ந்ததன் உண்மைக் காரணம் இதுவே.

தளர்ந்த தகப்பனார், பிள்ளைகளுக்குள் பின்னால் வழக்கு வரக்கூடாதென்று எண்ணி, தாம் உயிரோடிருக்கும்போதே தான செட்டில்மெண்டு எழுதி, எல்லா நிலத்தையும் வீட்டையும் பிரித்துக் கொடுத்துவிடுகிறார். எழுதிய வாரத்தில் மருமகள் பரிமாறும் சோற்றுக்கும், ஓராண்டு கழித்துப் பரிமாறும் சோற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கிராம அதிகாரிகள் நன்கறிவார்கள். அம்முதியவர்கள் கடைசியில் மனுவோடு வந்து நிற்பது அவர்கள் திண்ணையில்தான். எல்லாப் பிள்ளைகளையும் குறை கூறுவதாக எண்ணவேண்டா. பெரும்பாலோர் பெற்றோரைப் பேணுகிறவர்களே. ஆனால் திருப்பூரிலும் சென்னையிலும் வாடகை வீட்டில் மாதச் சம்பளத்தில் இரு குழந்தைகளைப் படிக்கவைக்கும் நல்ல பிள்ளைக்கும், பெற்றோருக்கு அனுப்பும் பணம்தான் முதலில் தள்ளிப்போகும் செலவு. குணத்தைப் பற்றிய கேள்வியன்று இது, வருமானத்தைப் பற்றியது.

தான செட்டில்மெண்டும் உயிலும் ஒன்றென்று நினைப்போர் இன்னும் இருக்கிறார்கள். உயில் எழுதியவர் ஆயுள் உள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். அவர் காலத்திற்குப் பின்பே அது அமலுக்கு வரும். இரண்டு சாக்ஷிகள் கையெழுத்திட்டால் போதும். பதிவு செய்வது கட்டாயமன்று, செய்வது நலம். செட்டில்மெண்டோ பதிவான அன்றே சொத்தைக் கைமாற்றிவிடுகிறது; எழுதியவர் மனம் மாறினாரென்பதற்காகத் தம் இஷ்டப்படி ரத்துச் செய்ய இயலாது. மேலே சொன்ன விதியும் இங்கே வந்து சேர்கிறது: நிலம் பேர் மாறியதும் கிஸான் நிதி, பயிர்க் கடன், பயிர் இன்ஷூரன்ஸ் யாவும் பெரியவர் கையைவிட்டுப் போகின்றன. ஓர் எழுத்தில் அவர் குடியானவரல்லர் என்றாகிவிடுகிறார்.

2007-ஆம் ஆண்டில் நிறைவேறிய பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் இதற்கு ஓரளவு பரிகாரம் வகுத்திருக்கிறது. அறுபது வயது நிரம்பியவர், தம்மைப் பேணவேண்டுமென்ற ஷரத்துடன் சொத்தைக் கொடுத்திருந்து, வாங்கியவர் அதைத் தவறினால், அக்கொடை மோசத்தினால் பெற்றதாகக் கருதப்பட்டு, ரத்தாகத் தக்கதென்று 23-ஆம் பிரிவு கூறுகிறது. நம் மாகாணத்தில் ரிவினியூ டிவிஷனல் ஆபீசரே இதை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் தலைவர். ஜீவனாம்சமாக மாதம் 10,000 ரூபாய் வரை விதிக்கவும் அச்சட்டம் இடந்தருகிறது. ஆனால் ஷரத்து என்ற ஒரு வார்த்தையின்மேல் எத்தனையோ வழக்குகள் நடந்தன. 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டார், பேணுவதற்கான ஷரத்து இருந்ததென்று காட்டினாலன்றி இப்பிரிவு உதவாதென்று தீர்ப்பளித்தனர். 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியோரின் நன்மைக்காகவே எழுந்த சட்டம் ஆகையால் தாராளமாய்ப் பொருள் கொள்ளவேண்டுமென்று கூறி, ஒரு தாய் மகனுக்குக் கொடுத்த கொடையை ரத்துச் செய்தனர். நீதிபதிகளின் தாராளத்தை நம்பி நாம் பத்திரம் எழுதுவானேன்? 'பிரியத்தினாலும் வாஞ்சையினாலும்' என்று பத்திர எழுத்தர் வழக்கமாய் எழுதும் வரிக்குக் கீழே, 'என்னையும் என் மனைவியையும் ஆயுள் பரியந்தம் அன்ன வஸ்திரம், வைத்தியம், இருப்பிடம் கொடுத்துப் பராமரிக்கவேண்டியது. தவறினால் இப்பத்திரம் ரத்தாகத் தக்கது' என்று ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்வதற்கு எந்தத் தகப்பனாரும் கூச வேண்டியதில்லை. அதனினும் மேலானது, நிலத்தின் பாத்தியதையைப் பிள்ளைக்குக் கொடுத்து, ஆயுள்கால அநுபோகத்தைத் தமக்கும், தமக்குப்பின் மனைவிக்கும் நிறுத்திக்கொள்வது. எல்லாவற்றிலும் மேலானது, கொடாமலிருப்பது!

கடைசியில் சொன்னதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஐந்து ஏக்கர் உடையவர் பிரித்தே தீரவேண்டுமென்றால் மூன்றரை ஏக்கரைப் பிரிக்கட்டும். கிணறும் மின்சார இணைப்பும் உள்ள துண்டையும், குடியிருக்கும் வீட்டையும் தம் பேரிலேயே வைத்திருக்கட்டும். புதிய இணைப்புக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்காய்க் காத்திருப்போர் உள்ள நாட்டில், கிணற்றுத் துண்டை வைத்திருப்பவரிடம் தண்ணீருக்காகவாவது நாலு பேர் மரியாதையாய் வருவார்கள். பிதுரார்ஜித சொத்தில் பிள்ளைகளுக்குப் பிறப்பினாலேயே பங்கு உண்டென்பதும், 1989 முதல் நம் மாகாணத்திலும் 2005 முதல் தேசமெங்கும் பெண்மக்களுக்கும் அப்பங்கு உண்டென்பதும் இங்கே கவனிக்கத் தக்கவை. ஆதலால் முழுவதையும் ஓர் உயிலில் அடக்கிவிடலாமென்று எண்ணாமல், தம் சொந்தப் பங்கு எதுவென்பதை வக்கீலிடம் கேட்டறிந்த பிறகே எழுதவேண்டும்.

வைத்துக்கொண்ட நிலத்தைத் தளர்ந்தபின் யார் உழுவது? குத்தகைக்கு விட்டால் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் குத்தகைக்காரரை வெளியேற்ற முடியாதென்ற அச்சத்தில், கருவேல் மண்ட விட்டுவிடுவோர் பலர். தரிசாய்க் கிடக்கும் நிலம் யாருக்கும் சோறு போடாது. நம்பத்தகுந்த பங்காளிக்கோ அயலாருக்கோ, நிபந்தனைகளைத் தெளிவாய் எழுதி, தானியமாகவேனும் ஒரு பங்கு பெறுவது தரிசைவிட எவ்வளவோ மேல். தானியமாகப் பெறுவதில் இன்னொரு லாபமும் உண்டு: விலை ஏறினால் நம் வருமானமும் கூடவே ஏறும். உபகாரச் சம்பளத்தில் இல்லாத குணம் இது.

தென்னங்கன்றைப் 'பிள்ளை' என்றழைப்பது நம் வழக்கம். பெற்ற பிள்ளை கைவிட்டாலும் வைத்த பிள்ளை காப்பாற்றும் என்ற நம்பிக்கை அப்பெயரில் அடங்கியிருக்கிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கங்களில் அந்நம்பிக்கை வீண்போகாமல் பல குடும்பங்கள் தோப்பின் வருமானத்திலேயே முதுமையைக் கழித்து வந்தன. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் வேதாரணியத்தருகே கரையேறிய கஜா புயல், தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் கணக்கற்ற தென்னைகளை வேரோடு சாய்த்தது. நாற்பது வயதுத் தோப்புக்காரர் மறுபடி கன்று வைத்தார். அறுபத்தைந்து வயதுக்காரரின் நிலை வேறு. நெட்டை ரகம் காய்க்க ஆறேழு ஆண்டு வேண்டும். அதற்குள் அவர் வயதென்ன, அவர் சாப்பாட்டுக்கு வழியென்ன? நிவாரணம் வந்தது, அது மரத்தை அப்புறப்படுத்தவும் கன்று வாங்கவும் உதவிற்று. இழந்த ஆறாண்டுகளை எந்த நிவாரணமும் கொடாது. தோப்பு வேண்டாமென்பதன்று நம் கருத்து. முதுமைக்கென்று வைக்கும் ஆஸ்தி எல்லாம் ஒரே காற்றில் விழக்கூடியதாய் இருத்தலாகாது. தோப்பின் நல்ல வருஷங்களில் காய் விற்ற பணத்தில் ஒரு பகுதியை வேறிடத்தில் போட்டிருந்தவர்கள் அவ்வாறாண்டுகளைத் தாண்டினார்கள். வேலியோரம் தேக்கும் வேம்பும் வைப்பதும் அவ்வகையில் நல்லதே. அவற்றைத் தினந்தோறும் பறிக்கவேண்டியதில்லை, ஆபரேஷன் செலவு வரும்போது வெட்டினால் போதும்.

வேறிடம் என்றதும் எவ்விடம் என்ற கேள்வி எழுகிறது. நம் உழவரின் பணத்தைக் கவர்ந்தவர்கள் எப்போதும் உழவின் வேஷத்திலேயே வந்திருக்கிறார்கள். 1990-களில் தேக்குக் கன்றுக்குப் பணம் கட்டினால் இருபது ஆண்டில் லக்ஷம் லக்ஷமாய் வருமென்றார்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழி வளர்ப்பில் மாதந்தோறும் பராமரிப்புத் தொகை தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கியவர்களும் மறைந்தார்கள். அவற்றில் போனது பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களின் சேமநிதியும், மகளுக்கென்று வைத்திருந்த பணமும். மாதம் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு என்று நிச்சயமாய்த் தருவதாக எவர் சொன்னாலும், அவரே அப்பணத்தை வங்கியில் ஆண்டுக்குப் பன்னிரண்டு வட்டிக்குக் கடன் வாங்காமல் நம்மிடம் ஏன் வருகிறாரென்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

நம்பத்தக்க இடங்களிலும் அளவு உண்டு. 2020 பிப்ரவரி முதல் வங்கி ஒன்றுக்கு, டிபாசிட்தாரர் ஒருவருக்கு, வட்டியோடு சேர்த்து 5 லக்ஷம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. ஜில்லா மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் இதில் அடங்கும். ஆனால் நம் கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போடும் டிபாசிட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 1904-இல் திருவள்ளூரை அடுத்த திரூரில் தொடங்கிய ஐக்கிய நாணய சங்க முறையினால் இம்மாகாணத்து உழவர் அடைந்த நன்மை பெரிது. அதில் பங்கு கொள்ளவேண்டாமென்று சொல்ல நாம் துணியோம். கடனுக்கும் உரத்துக்கும் சங்கம். ஆயுள் சேமிப்பு முழுவதுக்கும் அஃது இடமன்று. அறுபது வயதானோருக்குத் தபாலாபீசிலுள்ள முதியோர் சேமிப்புத் திட்டம் இப்போதைக்கு மேலான இடம். 2004-இல் தொடங்கிய அத்திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 30 லக்ஷமாக உயர்த்தப்பட்டது. அப்போது வட்டி நூற்றுக்கு 8.2 என்று நிர்ணயிக்கப்பட்டது. வட்டி விகிதம் மூன்று மாதத்துக்கொரு முறை பரிசீலிக்கப்படும். எனினும், கணக்குத் தொடங்கிய நாளின் வட்டி ஐந்தாண்டுக்கும் மாறாதென்பதே அதன் சிறப்பு. அந்த விகிதத்தில் 10 லக்ஷம் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கொரு முறை 20,500 ரூபாய் வரும். சாலை ஓரத்து இருபது சென்டை விற்றுப் பிள்ளையின் வியாபாரத்தில் போடுவதா, இங்கே போடுவதா என்று யோசிக்கும் தம்பதிகள் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் குடும்பங்களில் மனைவி கணவரைவிட ஐந்து, பத்து வயது இளையவள். அவர் காலத்துக்குப்பின் பல ஆண்டுகள் வாழ்பவள். ஆனால் பட்டாவும் வங்கிக் கணக்கும் அவர் பேரிலேயே இருக்கின்றன. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், வங்கியில் வாரிசு நியமனமில்லாத டிபாசிட்டு என்று அவள் அலையும் காலத்தில் கிஸான் தவணையும் நின்றுபோகிறது. கணவர் இருக்கும்போதே கணக்கை இருவர் பேரில் மாற்றுவதற்கு அரை நாள் போதும்.

கிராம நிர்வாக அதிகாரிகளுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அது சட்டத்தில் எழுதப்படாத வேலை. பேர் மாறுதலுக்கு மனுவோடு வரும் முதியவரிடம், எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா, ஷரத்து உண்டா, உங்களுக்கென்று எது நிற்கிறது என்று மூன்று கேள்வி கேட்பதற்கு மேலதிகாரி உத்தரவு வேண்டியதில்லை. பத்திரம் பதிவான பிறகு கேட்பதைவிட, ஜமாபந்தியின்போதும் அடங்கல் எழுத வயலுக்குப் போகும்போதும் கேட்டால் பலன் அதிகம். கிராமத்தில் அறுபது வயது நிரம்பிய பட்டாதாரர் யார் யார், அவர்களில் எவருடைய பட்டா இறந்துபோன தகப்பனார் பேரிலேயே நிற்கிறது என்று ஒரு ஜாபிதா எடுத்தாலே பாதி வேலை முடியும். கூட்டுப் பட்டாவைத் தனிப்பட்டாவாக்காமல் எந்த உயிலும் செட்டில்மெண்டும் தெளிவாய் எழுத முடியாது. அதற்கு அளவு செய்யும் சர்வேயருக்கு மனுச் செய்ய உகந்த காலம், அறுவடை முடிந்து வரப்புகள் தெரியும் மாசி, பங்குனி மாதங்கள்.